அரைக்கால் மாத்திரை: குழந்தைகளுக்கு அனுமதி எல்லைக்கு வெளியே தரப்படும் மருந்துகள்

இதயத்தில் துளையோடு பிறந்த, ஐந்து கிலோ எடையுள்ள ஒரு குழந்தை கோயம்புத்தூரில் சிகிச்சை முடிந்து தாளவாடிப் பக்கமுள்ள தன் ஊருக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்க, ஃபுரோசமைடு என்ற நீர்போக்கி மருந்தை நாள்தோறும் கொடுத்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கையில் இருப்பது பெரியவர்களுக்கான 40 மி.கி. மாத்திரை. கிலோவுக்கு ஒரு மி.கி. என்ற கணக்கில் குழந்தைக்கு வேண்டியது 5 மி.கி., அதாவது மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு. சீட்டில் உள்ள பின்னத்தைத் தாய் வாசித்தால், பக்கத்தில் இருக்கும் அம்மாயி "அரைக்கால்" என்று உடனே சொல்லிவிடுவார். மாகாணி, அரைக்கால், கால் என்று கீழ்வாய் இலக்கம் வாயில் புழங்கிய தலைமுறை அது. சொல் கைவசம் இருக்கிறது. அந்த அரைக்காலைச் சரியாக வெட்டித் தரும் கருவிதான் எந்தச் சமையலறையிலும் இல்லை. காய் நறுக்கும் கத்தியால் மாத்திரையைப் பாதியாக்கலாம், கவனமாக இருந்தால் காலாக்கலாம். அதற்குமேல் வெட்டினால் ஒரு பக்கம் பெரிய துண்டும் மறுபக்கம் பொடியுமாகச் சிதறும். ஒரு நாள் 3 மி.கி., மறுநாள் 8 மி.கி. என்று குழந்தையின் உடலுக்குள் போகும் அளவு ஏறி இறங்கும்.

இந்தக் காட்சியில் குற்றம் சொல்லத்தக்கவர் என்று யாரையும் காட்ட முடியாது. மருத்துவர் எழுதிய மருந்து சரியானது, அளவும் சரியானது, வீட்டாரின் அக்கறைக்கும் குறைவில்லை. இருந்தும், பெரியவர்களுக்காகச் சோதித்து, பெரியவர்களுக்காக அச்சில் வார்த்து, பெரியவர்களுக்காக அனுமதி வாங்கிய ஒரு பொருள், அனுமதி கொடுத்தவர்கள் எண்ணிப் பார்த்திராத வடிவிலும் அளவிலும் ஒரு சிசுவுக்குள் போகிறது. உலகெங்கும் குழந்தை மருத்துவத்தின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது.

ஒரு மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவர நிறுவனம் அனுமதி கேட்கும்போது, எந்த நோய்க்கு, எந்த வயதினருக்கு, எவ்வளவு, எந்த வழியில் என்பதையெல்லாம் சேர்த்தே கேட்கிறது; ஆதாரமும் அதற்கே காட்டுகிறது. அனுமதியும் அந்த வரம்புக்குள்தான் கிடைக்கிறது. அந்த வரம்பைத் தாண்டி, வேறு வயதுக்கோ வேறு நோய்க்கோ வேறு அளவிலோ மருத்துவர் அதை எழுதினால் அது அனுமதிக்கு வெளியிலான பயன்பாடு. மருத்துவர்கள் 'ஆஃப் லேபிள்' என்று சொல்வது இதைத்தான். மருந்தின் வடிவத்தையே மாற்றுவது, அதாவது மாத்திரையைப் பொடித்துப் பொட்டலம் கட்டுவதோ சர்க்கரைப்பாகில் கலந்து மருந்தகத்திலேயே திரவம் செய்வதோ, அல்லது நம் நாட்டில் அனுமதியே பெறாத ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதோ, உரிமமில்லா மருந்து என்ற இன்னொரு வகையில் சேரும். ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஈரோட்டிலும் கோபியிலும் பொள்ளாச்சியிலும் கம்பவுண்டர்கள் மடித்துக் கொடுத்த பொடிப் பொட்டலமும், காகிதத்தை வெட்டி அளவுக்கோடாக ஒட்டிக் கொடுத்த மிக்சர் பாட்டிலும் இந்த இரண்டாம் வகையின் பழைய உருவங்களே. அவை அருகிவிட்டன. பொட்டலம் கட்டும் வேலை மட்டும் பயிற்சி பெற்ற கையிலிருந்து தாயின் கைக்கு மாறியிருக்கிறது.

சட்டம் இதைத் தடுக்கிறதா என்ற கேள்வி இயல்பாக எழும். 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டம் மருந்தின் தயாரிப்பையும் விற்பனையையும் ஆள்கிறது. மருத்துவர் தன் நோயாளிக்கு எதை எழுதலாம் என்ற மருத்துவத் தீர்ப்புக்குள் அது அவ்வளவாக நுழைவதில்லை. நிறுவனத்துக்கோ கட்டுப்பாடு கடுமையானது. பழைய மருந்தே ஆனாலும் புதிய நோய்க்கு, புதிய அளவில், புதிய வழியில் தரலாம் என்று உரிமை கோரினால், 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள்படி அது புதிய மருந்தாகவே கருதப்பட்டு மறுபடியும் அனுமதி பெற வேண்டும். 2024இல் வந்த மருந்து விற்பனை நெறிமுறையும், அனுமதித்த வரம்புக்குள்தான் ஒரு மருந்தை விளம்பரப்படுத்தலாம் என்கிறது. ஆக, அட்டையில் குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லாதிருப்பதைத் தடை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது, இசைவு என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த மௌனத்துக்கு யார், எந்த அறிவைக் கொண்டு பொருள் சொல்கிறார் என்பதில்தான் குழந்தையின் பாதுகாப்பு இருக்கிறது.

அந்த மௌனம் எப்படி வந்தது என்பது வருத்தம் தரும் வரலாறு. 1937இல் அமெரிக்காவில், விழுங்க முடியாதவர்களும் எளிதாகக் குடிக்கட்டும் என்று தொற்றுக்குத் தரும் சல்பனிலமைடு மருந்தை இனிப்பான திரவமாக்கினார்கள்; கரைப்பானாகச் சேர்த்த டைஎத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகள் பலர். மறு ஆண்டே, விற்பனைக்கு முன் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்ற சட்டம் அங்கு வந்தது. 1950களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமல் தடுக்கக் கொடுத்த சல்பா மருந்து, மஞ்சள்காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற நிறமியை இரத்தத்தில் புரதத்தின் பிடியிலிருந்து விடுவித்து மூளையில் படியச் செய்தது. பிறந்த குழந்தைகளுக்குப் பெரியவர்களின் கணக்கில் கொடுத்த குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக், முதிராத கல்லீரலால் கழிக்கப்படாமல் உடலில் தேங்கியதால், சாம்பல் நிறம் பூத்துக் குழந்தைகள் இறந்தன. 1959இல் காரணம் தெளிந்தது. கர்ப்பிணிகள் உட்கொண்டதால் குழந்தைகள் கை கால் குறையோடு பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தின் தீங்கு 1961இல் வெளிப்பட்டது. 1962இல் அமெரிக்கச் சட்டம் இன்னும் இறுகி, பயனையும் நிறுவிக் காட்டச் சொன்னது.

குழந்தைகளின் சாவுகளால் இறுகிய அந்தச் சட்டங்களே குழந்தைகளை வெளியே நிறுத்தின. ஆதாரம் காட்டச் சொன்னதும் நிறுவனங்கள் பெரியவர்களிடம் மட்டும் ஆய்வு நடத்தி, அட்டையில் 'குழந்தைகளுக்குப் பாதுகாப்பு நிறுவப்படவில்லை' என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டு நகர்ந்தன. குழந்தைகளிடம் ஆய்வு செய்வது அறமாகாது என்ற பொதுவான தயக்கமும், குழந்தைகளுக்கான சந்தை சிறியது என்ற வணிகக் கணக்கும் அதற்குத் துணை நின்றன. 1968இல் ஹாரி ஷர்க்கி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இவர்களை மருத்துவத்தின் அனாதைகள் என்றே அழைத்தார். ஆய்வுக்கூடத்தில் கட்டுப்பாட்டோடு, கண்காணிப்போடு, பெற்றோரின் ஒப்புதலோடு நடக்காத சோதனை, ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு வீட்டிலும் கணக்கில் வராமல் நடக்கத் தொடங்கியது. எனக்கு அறமற்றதாகப் படுவது இந்த இரண்டாவதுதான்.

அளவைக் குறைத்தால் போதாதா, குழந்தை என்பது சிறிய உருவில் ஒரு பெரியவர்தானே என்று கேட்கலாம். வயதை வைத்தும் எடையை வைத்தும் பெரியவரின் அளவைப் பங்கிட்டுத் தரும் சூத்திரங்கள் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தன. உடலின் வளர்ச்சி அந்த நேர்க்கோட்டில் போவதில்லை என்பதுதான் சிக்கல். பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர், பெரியவரிடம் அது அறுபது விழுக்காடு. நீரில் கரையும் மருந்து குழந்தையின் உடலில் பரவும் விதமே அதனால் வேறாகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பிறப்பில் மிகக் குறைவாக இருந்து, முதல் ஓராண்டில்தான் பெரியவரின் நிலையை நெருங்குகிறது. கல்லீரலின் நொதிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் விழித்துக்கொள்கின்றன. இதற்கு நேர்மாறாக, இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் சில மருந்துகளைப் பெரியவர்களைவிட விரைவாகக் கழித்துவிடுவதால், கிலோவுக்கு இத்தனை என்ற கணக்கில் அவர்களுக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். வலிப்பு மருந்தைப் பயத்தில் குறைத்துக் கொடுத்தால் வலிப்பு நிற்காது. அளவு கூடுவது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

மருந்தோடு சேர்ந்து வரும் துணைப்பொருட்களும் கவனத்துக்குரியவை. 1980களின் தொடக்கத்தில், ஊசி மருந்துகளிலும், இரத்தநாளத்தில் செருகிய குழாய்களைக் கழுவும் நீரிலும் பதனப்பொருளாக இருந்த பென்சைல் ஆல்கஹால் குறைமாதக் குழந்தைகளை மூச்சுத் திணறடித்துக் கொன்றது. பெரியவரின் உடல் எளிதாகச் சமாளிக்கும் பொருள்தான் அது. இன்றும் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் ஊசி மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உள்ளே மருந்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கம் எவ்வளவு பரவலானது என்பதற்கு, ஐரோப்பாவின் ஐந்து மருத்துவமனைகளில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அங்கே வார்டுகளில் சேர்க்கப்பட்ட 624 குழந்தைகளில் 67 விழுக்காட்டினர் உரிமமில்லாத அல்லது அனுமதிக்கு வெளியிலான மருந்து ஒன்றையாவது பெற்றிருந்தார்கள். எழுதப்பட்ட மருந்துகளைக் கணக்கிட்டால் 46 விழுக்காடு அவ்வகை. நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட நாடுகளின் நிலையே இது. அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், அனுமதிக்குட்பட்ட மருந்துகளில் சுமார் 4 விழுக்காட்டிலும், அனுமதிக்கு வெளியே போனவற்றில் 6 விழுக்காட்டிலும் பாதக விளைவு காணப்பட்டது. வேறுபாடு உண்மையானது. ஆனால் அதைக் கேட்டு மருந்தையே நிறுத்துவது தவறான முடிவாகும்; கடுமையாக நோயுற்ற குழந்தைகளுக்குத்தான் வரம்பு தாண்டிய மருந்துகள் அதிகம் தேவைப்படுகின்றன என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

நன்மை விளைந்த கதைகளும் இந்த வழியில்தான் வந்தன. பச்சிளங்குழந்தைகளின் முகத்தில் சிவந்து வீங்கி வளரும் இரத்தநாளக் கட்டிகளுக்கு நெடுங்காலம் ஸ்டீராய்டுதான் கொடுத்தார்கள். பிரான்சின் போர்டோ நகரில், இதயக் கோளாறுக்காக ப்ரோப்ரனோலால் பெற்ற குழந்தையின் கட்டி தானாக வெளுத்துச் சுருங்குவதை மருத்துவர்கள் கவனித்து 2008இல் எழுதினார்கள். முறையான ஆய்வுகள் தொடர்ந்தன. 2014இல் குழந்தைகளுக்கென்றே செய்த திரவம் அனுமதி பெற்றது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சு நின்று நின்று வருவதற்குத் தரும் கஃபீன் பல காலம் மருந்தகத்தில் கலந்து கொடுத்த ஒன்றாகவே இருந்தது. 500 முதல் 1,250 கிராம் எடையில் பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வு, அது நுரையீரல் நோயையும் குறைக்கிறது என்று காட்டியது. வயிற்றுப்போக்கோடு வாந்தியும் எடுக்கும் குழந்தைக்கு ஒரு வேளை ஒன்டான்செட்ரான் கொடுத்துவிட்டு உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தொடர்வதும் இப்படி வந்ததே. புற்றுநோய்ச் சிகிச்சையிலும் அறுவைக்குப் பின்னும் வரும் வாந்திக்காக அனுமதி பெற்ற மருந்து அது. இன்று எத்தனையோ குழந்தைகளைக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதிலிருந்து காப்பாற்றுகிறது. மூன்றிலும் யாரோ ஒருவர் கவனித்தார், அளந்தார், எழுதினார், மற்றவர்கள் சோதித்தார்கள்.

கவனிக்காமல் விட்ட கதை கோடீன். இருமலுக்கும், தொண்டைச்சதை அறுவைக்குப் பின் வலிக்கும் குழந்தைகளுக்குப் பல பத்தாண்டுகள் தரப்பட்ட மருந்து. கல்லீரல் அதை மார்ஃபினாக மாற்றுகிறது. மரபு காரணமாகச் சிலரிடம் அந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். அப்படிப்பட்ட குழந்தைகள் சரியான அளவே கொடுத்தும் உறக்கத்தில் மூச்சடங்கி இறந்தார்கள். 2012இல் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளின் வலிக்கான படிநிலையிலிருந்து கோடீனை நீக்கியது, 2017இல் அமெரிக்காவில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அது விலக்கப்பட்டது. நம் நாட்டில், காய்ச்சலுக்குத் தாராளமாகக் கொடுத்துவந்த நிமெசுலைடை, கல்லீரல் பாதிப்பின் அச்சத்தால், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 2011இல் தடை செய்தார்கள்.

வார்டில் நடப்பதற்கு ஒரு சீட்டு இருக்கிறது, எழுதியவர் பெயர் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. கொங்கு நாட்டின் ஊர்களில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அந்தச் சீட்டு இல்லாத இடம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து எட்டு மணிக்கு மேல் மருந்துக்கடை முன் கூடும் கூட்டத்தில் நின்று பார்த்தால் தெரியும். "ஏனுங்க, போன தடவை குடுத்த அதே சிரப்பையே குடுங்க, பையனுக்கு மறுக்காவும் சளி புடிச்சிருக்குதுங்க" என்பார் ஒருவர். போன தடவை அந்த மருந்தை எழுதியவர் குழந்தையின் மார்பைக் கேட்டு எழுதியிருக்கலாம், அப்போது இருந்த எடைக்கு எழுதியிருக்கலாம், அக்காவுக்கு எழுதியது தம்பிக்கு வந்திருக்கவும் கூடும். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போகும் வீட்டில், மருத்துவரிடம் போகாமல் கடையில் வாங்குவதை அலட்சியம் என்று எளிதாகப் பழித்துவிட முடியாது. வடமாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர் குடும்பங்களில் பலருக்கு, சீசாவின் ஆங்கிலமும் தெரியாது, கடைக்காரர் சொல்லும் தமிழும் பாதிதான் புரியும்.

இந்தச் சளி மருந்து விவகாரத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் சுற்றிலும் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் என்ற சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்று தெரிந்தது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. ஏற்கத்தக்க வரம்பு 0.1 விழுக்காடு. 1937இல் கொன்ற அதே நஞ்சு. இது கலப்படமும் கண்காணிப்புத் தவறுமாகும். அனுமதிக்கு வெளியிலான பயன்பாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. அந்தச் சிரப்பில் இருந்தவை பாராசிட்டமால், மூக்கடைப்புக்கான ஃபினைல்எஃப்ரின், ஒவ்வாமைக்கான குளோர்ஃபெனிரமின். இவற்றில் பின்னிரண்டும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி, இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரிலேயே நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருந்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அதாவது, நஞ்சே கலக்காத நல்ல சிரப்பாக இருந்திருந்தாலும் அவர்களில் பலருக்கு அது தேவையற்ற, விலக்கப்பட்ட மருந்து.

இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ தரவோ கூடாது, ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கத்தக்கவையல்ல என்று மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம் அந்த அக்டோபரில் மீண்டும் அறிவுறுத்தியது. காரணம் எளிது. இவை சளியின் நாட்களைக் குறைப்பதில்லை; குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தவும், நெஞ்சு படபடக்கச் செய்யவும், அரிதாக வலிப்பை வரவழைக்கவும் இவற்றால் முடியும். சாதாரணச் சளி தானே அடங்கும் நோய். மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டும், அடிக்கடி தாய்ப்பாலும், ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு வெதுவெதுப்பான நீரும் போதும். மூச்சு வேகமாகி விலா ஒடுங்கினால், பால் குடிக்க மறுத்தால், அது சிரப்பால் தீராத வேறு நோய். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அளவுத் தவறு இதைவிடச் சத்தமில்லாமல் நடக்கிறது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கும், சிரப்பில் ஐந்து மி.லி.யில் 125 அல்லது 250 மி.கி. எட்டுக் கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. என்றால், 120 மி.கி. தேவை. 125 வகைச் சிரப்பில் அது ஏறக்குறைய ஐந்து மி.லி., சொட்டு மருந்தில் 1.2 மி.லி. 'ஐந்து மி.லி. கொடுங்க' என்று தொலைபேசியில் கேட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, கடையில் கிடைத்த சொட்டு மருந்தை அதே அளவுக்குக் கொடுத்துவிட்டால் ஒரே வேளையில் 500 மி.கி. போய்விடும், காய்ச்சல் விடாமல் ஒரு நாளில் நான்கு முறை கொடுத்தால் கல்லீரல் தாங்காது. பெயர் ஒன்று, பெட்டியின் நிறமும் ஒன்று, செறிவு நான்கு மடங்கு. பச்சிளங்குழந்தைகள் பிரிவிலும் இதே ஆபத்து வேறு உருவில் இருக்கிறது: ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் இரண்டு மி.லி. ஆம்பூலில் 80 மி.கி. இருக்க, கிலோவுக்கு 5 மி.கி. வீதம் இரண்டு கிலோ குழந்தைக்கு வேண்டியது 10 மி.கி., அதாவது கால் மி.லி. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு.

மருந்தை எதில் அளக்கிறோம் என்பதும் பெரிய கேள்வி. பால் புகட்டச் சங்கும் பாலாடையும் நம் வீடுகளில் சிறந்த கருவிகள். ஆனால் அவற்றில் அளவுக்கோடு கிடையாது. கரண்டிகளோ வீட்டுக்கு வீடு மாறும். ஊசியில்லாத ஐந்து மி.லி. சிரிஞ்சு ஒன்று எந்த மருந்துக்கடையிலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதைவிட முக்கியம் எடை. அங்கன்வாடியில் மாதந்தோறும் நிறுத்து அட்டையில் எழுதித்தருகிறார்கள். அந்த அட்டையைத் தடுப்பூசி நாளுக்கு மட்டும் வெளியே எடுக்காமல், மருந்து வாங்கப் போகும்போதும் எடுத்துப் போனால், மருத்துவரோ மருந்தாளுநரோ ஊகிக்க வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியம் என்று எண்ணிச் செய்பவையும் மருந்தியலின் கண்ணில் அளவறியாத பயன்பாடுகளே. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம் பக்கம் சளிக்கு முதல் வைத்தியம். கற்பூரம் குழந்தையின் மெல்லிய தோல் வழியே உள்ளே போகும். பிறந்த குழந்தையின் உடலில் எடைக்கு ஏற்பப் பார்த்தால் தோலின் பரப்பு பெரியவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. சிறிது வாயில் போனாலே நிமிடங்களில் வலிப்பு வரக்கூடிய பொருள் அது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதால் எண்ணெய் நுரையீரலில் இறங்கி ஒருவகை நிமோனியா வருவது தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. பெரியவர்களின் மேல் எனக்கு மதிப்பு குறைந்து இதைச் சொல்லவில்லை. பெற்றெடுத்தவளைவிட அப்பத்தாதான் அந்தக் குழந்தையை இரவெல்லாம் தூக்கிக்கொண்டு நடப்பவர். அவரிடம் இதை உட்கார்ந்து பேசாமல், பேறுகால வார்டில் இளம் தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டில் ஒன்றும் மாறாது.

வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் திம்பத்தின் இருபத்தேழிலும் குழந்தை வாந்தி எடுக்காமல் உறங்கட்டும் என்று தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்தான ப்ரோமெதசின் சிரப்பைப் புகட்டும் வழக்கம் இன்னொன்று. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அது மூச்சை ஒடுக்கக்கூடும் என்பதால் அமெரிக்காவில் அதன் அட்டையில் கட்டமிட்ட எச்சரிக்கையே அச்சிடப்படுகிறது. உறங்குகிறதா, மூச்சு ஒடுங்குகிறதா என்று ஓடும் பேருந்தின் இருட்டில் எப்படித் தெரியும்? அரையிடுக்குப் புண்ணுக்குத் தடவும், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்த களிம்பும் இந்த வரிசையில் வரும். ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தார்கள். அரைஞாணுக்குக் கீழே டயப்பர் மூடிய தோல் அதை இன்னும் வேகமாக உறிஞ்சும்.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. குழந்தைகளிடம் ஆய்வு செய்யும் நிறுவனத்துக்கு ஆறு மாதக் கூடுதல் விற்பனை உரிமை என்ற ஊக்கத்தையும், செய்யாதிருக்க முடியாதபடி 2003இல் ஒரு கட்டாயத்தையும் அமெரிக்கா வைத்தது. ஐரோப்பாவில் அத்தகைய சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. இந்தியாவில் ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை ஆய்வில் சேர்க்கப் பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் இசைவையும் பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆய்வு செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கான ஊக்கமும் அந்த நாடுகளின் அளவுக்கு நம்மிடம் இல்லை. உலகத்துக்கே மருந்து செய்து அனுப்பும் நாடு, நீரில் போட்டால் கரையும் சிறு அளவு மாத்திரைகளைத் தன் குழந்தைகளுக்குச் செய்து கொடுக்க முடியாமல் இல்லை, கேட்பவர்கள் குறைவு.

கேட்கும் குரலுக்கு ஆதாரம் வேண்டும், ஆதாரம் தகவலிலிருந்து வருகிறது. 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையத்தை மையமாகக் கொண்டு, மருத்துவக் கல்லூரிகளில் உள்ள கண்காணிப்பு மையங்கள் வழியே பாதக விளைவுகளைத் திரட்டுகிறது. மருத்துவர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பெற்றோரே சொல்லலாம். மருந்து கொடுத்ததும் உடம்பெல்லாம் தடித்தது, நாள் முழுக்க எழவே இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லி ஆறுவதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். சீசாவையும் அதன் தொகுதி எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டு அந்த எண்ணை அழைக்கும் பழக்கம் இன்னும் நம்மிடம் ஊன்றவில்லை.

மருத்துவர் முன் உட்கார்ந்திருக்கும்போது, இது என் குழந்தையின் வயதுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. இல்லை என்று அவர் சொன்னால் பயப்படவும் வேண்டாம். ஏன் இதையே தேர்ந்தீர்கள், எத்தனை நாள், எதைப் பார்த்தால் நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும் என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் காத்திருக்கிறார்கள். கூட்டம் நெரியும் புறநோயாளிகள் பிரிவில் அவர்களுக்கு நேரம் இல்லாமல் போவது உண்மை. அங்கேதான் மருந்தாளுநர் வர வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் அட்டையைக் கிழித்துக் கொடுக்கும் வேலையோடு அவரை நிறுத்திவைப்பது, மருந்தைப் பற்றியே படித்த ஒருவரை வீணடிப்பதாகும்.

தாளவாடிக் குழந்தைக்கு அவர் செய்யக்கூடியது அதிகம். எல்லா மாத்திரைகளையும் இப்படிக் கையாள முடியாது. நீண்ட நேரம் வேலை செய்யும்படி பூச்சுப் பூசியவற்றைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். இந்த மாத்திரையில் அந்தத் தடை இல்லை. ஆகவே கத்தியை விட்டுவிட்டு, முழு மாத்திரையையும் ஒரு சிறு கிண்ணத்தில் போட்டு, சிரிஞ்சால் அளந்து எட்டு மி.லி. கொதித்தாறிய நீர் விட்டு, முழுதும் உதிரும்வரை கலக்கச் சொல்லலாம். இந்த மருந்து நீரில் கரையாது, துகள்களாகக் கலந்து நின்று பிறகு அடியில் படியும். எனவே கலங்கலாக இருக்கும்போதே ஒரு மி.லி. உறிஞ்சிக் கன்னத்தின் உட்புறமாக மெல்ல விட வேண்டும். அதுதான் 5 மி.கி. மீதி ஏழு மி.லி.யை மாலைக்கு வைக்காமல் கொட்டிவிட வேண்டும். இதைத் தாய் ஒருமுறை அவர் முன்னாலேயே செய்து காட்டிவிட்டு, அருகில் நிற்கும் அம்மாயியையும் ஒருமுறை செய்யச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறலாம். அடுத்த மாதம் குழந்தை ஆறு கிலோவானால் அந்த ஒரு மி.லி. போதாது, அதனால் சீட்டின் மேலே, தேதிக்குப் பக்கத்தில், இன்றைய எடையைக் கொட்டை எழுத்தில் எழுதித் தர வேண்டும்.